நாலாம் நம்பர் படுக்கைக்கு ஒரு வெளிச்சம்

காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. ஏழு பத்துக்குப் பேருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருத்தர்கூட அந்தப் பேருந்தில் ஏறியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், சலவைக்கட்டின் ஆவி வெளியே வரும் குழாயை ஒட்டி, டயாலிசிஸ் பிரிவு தூக்கிப்போட்ட மூன்று சாய்வு நாற்காலிகள் கிடக்கின்றன. ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை. இன்னொன்று உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரியும். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு அவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள். குழாய்ச் சூட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி குடிப்பார்கள்.

அதற்கு அவர்களுக்குள் ஒரு பெயர் உண்டு: பெருக்குவது. "பெருக்கிட்டுப் போலாமா?" என்று ஒருவர் கேட்டால் போதும். மேலே நடந்ததை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, இங்கேயே கூட்டித் தள்ளிவிட்டுப் போக வேண்டும் என்று அர்த்தம். சட்டம் அதிகமில்லை. யாருடைய படுக்கையில் ஆள் போனாரோ அவர்தான் முதலில் பேச வேண்டும். பேசுமுன் காப்பியில் ஒரு சொட்டை மண்ணில் விட வேண்டும், போனவருக்கு. அவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைநகரத்திலிருந்து மனநல ஆலோசகர் என்று ஒரு அம்மாள் வந்தாள். நர்ஸ்கள் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினாள். ஒரு பெட்டி நிறையப் படிவங்களை வைத்துவிட்டுப் போனாள். 'இன்று உங்கள் மனநிலை எப்படி? ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடவும்.' அதற்கப்புறம் அந்த அம்மாளை யாரும் பார்க்கவில்லை. சரியும் நாற்காலிக்குக் கீழே முட்டுக்கொடுக்க ஒரு கட்டுப் படிவம் உதவியது. மிச்சத்தை நர்ஸ்களில் ஒருத்தியான ஸ்மரான்டா பையில் வைத்திருந்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, குறிப்பெழுத ஆகும்.

அன்றைக்கு ஆள் போனது அவளுடைய படுக்கையில். நாலாம் நம்பர். அவள் சொட்டு விட்டாள். மண் குடித்தது. பிறகு பேச்சு வரவில்லை.

மார்ச் மாதத்து முதல் வாரம். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. மூன்று பேர் மார்பிலும் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல் குத்தியிருந்தது. வசந்தம் வந்ததற்கு சாண்டு வாங்கிக் கொடுத்தது. சாண்டுவுக்கு முப்பது வயது, ஆண் நர்ஸ். ஜெர்மனிக்குப் போக ஃபோனில் ஜெர்மன் படித்துக்கொண்டே இருப்பான். போக மாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். வேட்டாவுக்கு ஐம்பத்து நாலு. முப்பத்தொரு வருஷமாக இதே பிரிவு. குட்டையான, தடித்த பெண். நோயாளியைப் புரட்டுவதில் அவளுக்கு ஈடாக இரண்டு ஆண்கள் வேண்டும்.

ஸ்மரான்டா வாயைத் திறக்காததைப் பார்த்து வேட்டாவே சட்டத்தை மீறினாள்.

"சைனாக்காரன் சாமான். நாலு வருஷம் உழைச்சதே பெருசு. மூணு தடவ அமுக்கினேன். எரியல. கையில வச்சு உலுக்கிக்கூடப் பாத்தேன். அந்த மனுசன் என்ன நெனச்சிருப்பாரோ, கடைசி நேரத்துல ஒருத்தி கிலுகிலுப்பையை ஆட்டறான்னு."

"அக்கா, பெட்காரங்கதான் முதல்ல பேசணும்," என்றான் சாண்டு.

"பேசட்டும். வாயில பூட்டா போட்டிருக்கேன்?"

வேட்டா சொன்னது மெழுகுவத்தியைப் பற்றி. பிளாஸ்டிக் மெழுகுவத்தி. திரி இருக்க வேண்டிய இடத்தில் சின்ன பல்பு. அடியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் சுடர் மாதிரி நடுங்கும். கிறிஸ்துமஸ் சந்தையில் வேட்டா வாங்கி வந்தபோது மொத்தப் பிரிவும் சிரித்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. சாகிறவர் கையில் எரிகிற மெழுகுவத்தி இருக்க வேண்டும். வெளிச்சமில்லாமல் போகிறவர் அந்தப் பக்கத்தில் வழி தெரியாமல் தடவிக்கொண்டு நிற்பார் என்பது அந்த வட்டாரத்துக் கிராமங்களில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஆக்சிஜன் ஓடுகிற அறையில் தீக்குச்சி கிழிக்க முடியாது. அதனால் இது. மானிட்டரில் எண்கள் இறங்க ஆரம்பித்ததும் வேட்டா இழுப்பறையைத் திறப்பாள். சொந்தக்காரர்கள் வந்ததும் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். ஒன்றைத்தான் கேட்பார்கள்: கையில் வெளிச்சம் இருந்ததா? இருந்தது என்று சொல்லலாம். பொய்யில்லை.

நாலாம் நம்பரில் இருந்தவர் இலாரியோன். அறுபத்தெட்டு வயது, தேனீ வளர்ப்பவர். இரண்டு நுரையீரலும் போய்விட்டது. பதினோரு நாள் கிடந்தார். அவர் மனைவி அக்லயா தினமும் ஐம்பது கிலோமீட்டர் மினிபஸ்ஸில் வருவாள், பத்து நிமிஷம் பார்ப்பதற்கு. மூன்றாம் நாள் ஒரு துணிப்பொட்டலத்தை ஸ்மரான்டாவின் கையில் வைத்தாள். உள்ளே மஞ்சளாய் ஒரு மெழுகுவத்தி. அவர்கள் வீட்டுத் தேனடை மெழுகில் அவரே வார்த்தது.

"இதை இங்க கொளுத்த முடியாதும்மா."

"தெரியும், சிஸ்டர். பக்கத்துல இருக்கட்டும். நேரம் வந்தா நீங்க ஏதாவது வழி பண்ணுவீங்க."

ஸ்மரான்டா அதைத் தன் அலமாரியில் வைத்தாள். அப்போதிருந்து அவள் சீருடையெல்லாம் தேன் வாசனை.

ஸ்மரான்டா வெளிச்சத்தை நம்புகிறவள் இல்லை. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். அவள் படித்த நாலு வருஷமும் அவள் அப்பா ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறித்தார், முதுகு போயிற்று. வென்டிலேட்டர் இல்லாத ஜனங்கள் அந்த இடத்தை நிரப்பக் கண்டுபிடித்ததுதான் மெழுகுவத்தி என்று அவள் நினைத்தாள். முப்பது லட்சம் பேர் நாட்டை விட்டுப் போன பிறகும் மிஞ்சியவர்களுக்கு வென்டிலேட்டர் போதவில்லை, அதனால்தான் மெழுகுவத்தியும் இன்னும் போகவில்லை என்று ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள். வேட்டா அன்றைக்கு அவளோடு பேசவில்லை.

"பேட்டரி தீரல," என்றாள் ஸ்மரான்டா.

"என்னது?"

"சைனா சாமானும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள பேட்டரியே இல்ல. நான்தான் எடுத்தேன்."

சாண்டு ஃபோனைக் கீழே வைத்தான்.

"ரெண்டாம் நம்பர் பொண்ண ஸ்கேனுக்குக் கொண்டுபோனோம் இல்ல, நாலு மணிக்கு. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் செத்துப்போச்சு. ஸ்டோர் சாவி ஹெட் நர்ஸ் வீட்டுல. அவளுக்கு ஃபோன் பண்ணியிருக்கலாம். போன வாரம் சண்ட போட்டேன்ல, அவகிட்ட கெஞ்ச மனசு வரல. இழுப்பறையில அது இருந்துச்சு. அதே சைஸ் பேட்டரி. எடுத்துப் போட்டேன். காலையில கடை திறந்ததும் வாங்கி வச்சிடலாம்னு."

"சரி, ஒரு பொண்ணக் காப்பாத்த எடுத்த," என்றான் சாண்டு. "அதுல என்ன தப்பு?"

"காப்பாத்தல. அவ நல்லாத்தான் இருந்தா. ஆக்சிமீட்டர் இல்லாமலே போயிட்டு வந்திருப்பா. ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல."

அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்கு நல்லது. ஆனால் பாதி உண்மையோடு வீட்டுக்குப் போகத்தானா இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேட்டா கையிலிருந்த காப்பியைக் கீழே வைக்கவுமில்லை, குடிக்கவுமில்லை.

"திரும்ப வைக்க ஒரு நிமிசம் ஆகுமா?"

"ஆகாது."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"நீங்க சிரிப்பீங்கன்னு நெனச்சேன். இல்ல, திட்டுவீங்கன்னு."

"திட்டியிருப்பேன்தான். திட்டிட்டு என் வீட்டு ரிமோட்லேர்ந்து பிடுங்கிட்டு வந்திருப்பேன். இல்ல எக்ஸ்ரே ரூம் கடிகாரத்துலேர்ந்து பிடுங்கியிருப்பேன்." அவள் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அஞ்சு நாப்பதுக்கு அந்த மனுசன் கண்ணத் திறந்தாரு, தெரியுமா? நீ ஆறாம் நம்பர்ல குழாய் மாத்திட்டிருந்த. கண்ணத் திறந்து கையப் பாத்தாரு. என் கைக்கும் அவர் கைக்கும் நடுவுல ஒரு வெள்ளப் பிளாஸ்டிக் குச்சி. அமுக்கறேன், அமுக்கறேன். அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு."

ஸ்மரான்டாவுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். தன் மேலே ஆத்திரம், ஹெட் நர்ஸ் மேலே ஆத்திரம், மாடி முழுக்க ஓவியம் மாட்டிவிட்டுப் பேட்டரி வாங்காத ஆஸ்பத்திரி இயக்குநர் மேலே ஆத்திரம். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு பல்பு எரியப் போவதில்லை.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள். "ராத்திரி எட்டு மணிக்கு அவரு வீட்டம்மா ஃபோன் பண்ணுச்சு. வரட்டுமா, ஏதோ மாதிரி இருக்குன்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன். இன்னைக்கு என் விரலப் பிடிச்சு அழுத்தினாரு, நல்லா இருக்காரு, ரோடெல்லாம் உறஞ்சு கிடக்கு, காலையில வாங்கன்னேன்."

"அழுத்தினாரா?"

"அழுத்தினாரு."

"அப்ப பொய் சொல்லல நீ," என்றான் சாண்டு. "கேளு, ஸ்மரா. அந்தம்மா ஒம்பது மணி மினிபஸ்ல வரும். கேக்கப்போறது ஒரே கேள்வி. இருந்துச்சுன்னு சொல்லு. முடிஞ்சுது. கையில குச்சி இருந்துச்சுல்ல, எரிஞ்சா என்ன எரியலன்னா என்ன? அது போய் யாருகிட்ட விசாரிக்கப்போவுது, மேலேர்ந்து கடுதாசி வருமா?"

"நீ சும்மா இருடா." வேட்டா இப்போதுதான் ஒரு மிடறு குடித்தாள். "ஆனா அவன் சொல்றதுதான் சரி. இருந்துச்சுன்னுதான் சொல்லணும். நானே சொல்லிடறேன், நீ வராத. இந்தக் குச்சி வாங்கறதுக்கு முன்னாடி இருபத்தேழு வருசம் நான் என்ன சொன்னேன்னு நெனக்கிற? ஒவ்வொருத்தர்கிட்டயும் இருந்துச்சு, இருந்துச்சுன்னுதான். உள்ள ஒரு தீக்குச்சி கிடையாது. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவங்க படியிறங்கிப் போனாங்க. நான் கொடுத்ததுலயே பலிச்ச மருந்து அது ஒண்ணுதான்."

ஸ்மரான்டாவுக்கு இது புதுசு. வேட்டா இதை ஒருநாளும் பெருக்கியதில்லை.

"என் பெட்," என்றாள். "நானே பேசறேன்."

"என்ன பேசுவ?"

அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் சேற்றில் காலடிச் சத்தம் கேட்டது.

ஒன்பது மணி ஆகவில்லை, எட்டுகூட ஆகவில்லை. டாக்டர் ஆறு மணிக்கு ஃபோனில் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். காவலாளி பின்பக்கம் கைகாட்டியிருக்கிறான். அக்லயா கறுப்புத் தலைத்துணியில் நின்றாள். ஒரு கையில் பிளாஸ்டிக் பை, அதில் மடித்த வெள்ளைச் சட்டை தெரிந்தது. அழுது முடித்த முகம் இல்லை. இன்னும் ஆரம்பிக்காத முகம். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"ஸ்மரான்டா சிஸ்டர்," என்றாள். "உங்களத்தான் தேடினேன். ஃபோன்ல பேசினது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"வெளிச்சம் இருந்துச்சா, அவர் கையில?"

ஸ்மரான்டா மூச்சை இழுத்தாள். அந்த ஒரு மூச்சில் வேட்டா முந்திக்கொண்டாள்.

"இருந்துச்சும்மா. நான்தான் அவர் கையப் பிடிச்சிருந்தேன். நல்லபடியாப் போனாரு."

முப்பத்தொரு வருஷப் பழக்கம். குரலில் ஒரு சுருக்கம் இல்லை. அக்லயாவின் தோள் இரண்டும் தளர்ந்து ஒரு விரற்கடை கீழே இறங்கின. அதை ஸ்மரான்டா பார்த்தாள். அப்படியே விட்டுவிடலாம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், அந்தம்மாவும் போகலாம். ஆனால் அந்தம்மாவின் கண் வேட்டாவிடம் நிற்கவில்லை. ஸ்மரான்டாவிடமே வந்து நின்றது. நேற்றுப் பேசிய வாயிலிருந்து கேட்க வந்தவள் அவள்.

"இல்லம்மா," என்றாள் ஸ்மரான்டா. "எரியல. எங்ககிட்ட இருக்கறது பேட்டரி மெழுகுவத்தி. அதுல இருந்த பேட்டரிய நான் வேற வேலைக்கு எடுத்துட்டேன். திரும்ப வைக்கல. இந்த அக்காவுக்கு அது தெரியாது. அவங்க கையில வச்சு அமுக்கினாங்க, எரியல. தப்பு என்னுது."

சலவைக்கட்டுக்குள் இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது. சாண்டு தரையைப் பார்த்தான்.

அக்லயா வேட்டா பக்கம் திரும்பினாள். "கையப் பிடிச்சிருந்தேன்னீங்களே. அது?"

"பிடிச்சிருந்தேம்மா."

"அதுவும் பொய்யா?"

"இல்லம்மா." வேட்டாவின் குரல் இப்போது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "சத்தியமா இல்ல. கடைசி வரைக்கும் பிடிச்சிருந்தேன். சூடாத்தான் இருந்துச்சு."

அக்லயா தலையாட்டினாள். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"நேத்து நீங்க ஃபோன் எடுத்தப்ப நான் பூட்ஸ் மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன், சிஸ்டர். பக்கத்து வீட்டுக்காரரு வண்டியக் கிளப்பி வச்சிருந்தாரு. நீங்க நல்லா இருக்காருன்னீங்க. கழட்டி வச்சேன். இந்தச் சட்டைய இஸ்திரி போட்டேன். வீட்டுக்கு வரும்போது போட்டுக்கிட்டு வரட்டும்னு."

ஸ்மரான்டாவுக்கு மன்னிச்சுடுங்க என்பது வாய்வரை வந்தது. அந்தச் சொல்லை நீட்டி, அதையும் அந்தம்மா கையில் சுமக்கக் கொடுப்பது கேவலம் என்று தோன்றியது.

"மெழுகுவத்தியக் கொடுங்க."

ஸ்மரான்டா இரண்டு மாடி ஓடினாள். அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். அக்லயா துணியைப் பிரித்து முகர்ந்தாள். திரும்பவும் சுற்றினாள்.

"சொன்னது நல்லதாப் போச்சு," என்றாள். நன்றியாக இல்லை, தகவலாக. "வெளிச்சத்தோட போனவங்களுக்கு ஒரு வேல, இல்லாமப் போனவங்களுக்கு வேற வேல. எங்க ஊர்ல நாப்பது நாள், விடியறதுக்கு முன்னால ஆத்துல போய் நிக்கணும். மரத்துண்டுல ஒரு வெளிச்சம் வச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணியில விடணும். இந்தா, பிடிச்சுக்க, இந்தப் பக்கம் வான்னு. யாராவது ஒருத்தர் அதைச் செய்யணும், இல்லன்னா அங்கயே நின்னுக்கிட்டு இருப்பாங்க. நீங்க இருந்துச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் வீட்டுல படுத்துத் தூங்கியிருப்பேன். அவரு நின்னுக்கிட்டே இருந்திருப்பாரு."

சட்டையை மாட்டிவிட வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்டாள். சாண்டு அவளைப் பிணவறைக்குக் கூட்டிப்போனான். சேற்றில் அவள் கால் பதிய வேண்டாம் என்று அவன் பலகை மேலாக அழைத்துப்போனான். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்மரான்டா உட்கார்ந்தாள். வேட்டா திட்டுவாள் என்று காத்திருந்தாள். வேட்டாவின் பேச்சை அந்நியப் பெண் முன்னால் பொய் என்று போட்டு உடைத்ததற்கு இந்தப் பிரிவில் இனி தன்னோடு யார் ஷிஃப்ட் பார்ப்பார்கள் என்றும் யோசித்தாள்.

வேட்டா நின்றுகொண்டே இருந்தாள்.

"இருபத்தேழு வருசம்," என்றாள்.

"அக்கா, உக்காருங்க."

"எல்லார்கிட்டயும் இருந்துச்சுன்னேன். எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிட்டாங்க."

"அக்கா, அது அவங்க ஊர் வழக்கம். அதெல்லாம் நெசமா என்ன?" சொல்லும்போதே ஸ்மரான்டாவுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

"உனக்கு நெசமில்ல. எனக்கு?" வேட்டா அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. "ஒருத்தருக்காகவும் யாரும் ஆத்துக்குப் போகல. நான்தான் போக விடல."

அவள் சரியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது சரிந்தது. அவள் நிமிர்ந்துகொள்ளவில்லை.

"எழுத ஏதாவது வச்சிருக்கியா?"

ஸ்மரான்டா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். ஒன்று முதல் ஐந்து வரை வட்டங்கள் இருந்த பக்கத்தைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

"பேர் எழுது. நான் போறேன் ஆத்துக்கு. எங்க வீட்டுக்குப் பின்னால ஓடுதே, அது போதும்."

"சொல்லுங்க அக்கா."

வேட்டா கண்ணை மூடினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சாண்டு திரும்பி வந்து, ஆறிப்போன கோப்பைகளைப் பொறுக்கப் போனவன், அவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"ஏழாம் நம்பர்," என்றாள் வேட்டா கடைசியில். "மீசைக்காரரு. ரயில்வேயில இருந்தாரு. அப்புறம் ரெண்டாம் நம்பர், டீச்சர், சுகர்ல கால் எடுத்தவங்க. அஞ்சாம் நம்பர்ல ஒரு பையன், மோட்டார் சைக்கிள். அவன் அம்மா என் கைக்கு முத்தம் கொடுத்துட்டுப் போனா." அவள் கண்ணைத் திறந்தாள். "பேர் சொல்லிக் கூப்பிடணும்னு சொன்னாங்க, இல்ல?"

"ஆமா அக்கா."

"பேரு ஒண்ணும் வரலையேடி. பெட் நம்பர்தான் வருது."

ஸ்மரான்டா குனிந்தாள். ஏழாம் நம்பர் என்று எழுதினாள். பக்கத்தில் பேருக்கு இடம் விட்டாள்.